சிங்கம் பார்த்த குழந்தையம்மாள்

ஈஸ்வரமூர்த்தியைப் பற்றி யார் என்ன கேட்டாலும், அவர் மனைவி குழந்தையம்மாள் முதலில் ஒரு பெருமூச்சு விடுவாள். பிறகுதான் பதில் சொல்லுவாள்.

கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்ல முடியாது. குடி இல்லை, சீட்டு இல்லை, யாரையும் ஒரு சுடுசொல் சொன்னது இல்லை. திருப்பூர் காங்கயம் ரோட்டில் பனியனுக்குக் காலர் பின்னும் மெஷின்கள் சிலவற்றை வைத்துக்கொண்டு ஒழுங்காகத் தொழில் செய்துவந்தார். ஆனால் அவரோடு குடும்பம் நடத்துவது, செருப்புக்குள் பொடிக்கல் கிடக்கிற மாதிரி. கழற்றி எறியவும் முடியாது, மறந்துவிட்டு நடக்கவும் முடியாது.

காலர் வைத்த பனியன் போட்ட ஆள் எவன் கண்ணில் பட்டாலும் பின்னால் போய் அவன் கழுத்தைத் தொட்டுக் காலரைத் திருப்பிப் பார்ப்பார். கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்டு, கோயில் வரிசை, எதுவும் விலக்கில்லை. ஒருமுறை அவிநாசிக் கோயிலில் ஒருத்தன் சங்கிலி அறுக்கிறவன் என்று நினைத்துக் கூச்சல் போட்டுவிட்டான். கூட்டத்துக்கு நடுவில் குழந்தையம்மாள்தான் கையெடுத்துக் கும்பிட்டு, "தொழில் பைத்தியமுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்று விளக்கம் சொல்லி அவரை மீட்டுவந்தாள்.

இன்னொரு பைத்தியம் டிவி. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் விலங்குகள் காட்டும் சேனல் ஓட வேண்டும். இவள் ரசம் ஊற்றும் நேரம் பார்த்துத்தான் அங்கே சிங்கம் மானின் குடலை இழுக்கும். "பாரு அம்மிணி, எப்புடி இழுக்குது பாரு" என்பார் அவர், வாயில் சோற்றோடு. அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

இரண்டாயிரத்து ஆறில் மகள் அக்ஷரா படிப்பை முடித்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறது, எங்கேயாவது போகலாம் என்று அவராகவே ஒருநாள் வாய் திறந்தபோது குழந்தையம்மாள் ஏமாந்துவிட்டாள். மெஷின் ஒன்றே ஒன்றாக இருந்த காலத்தில், பட்டையாகப் பின்னி வரும் காலர்களை இழை உருவிப் பிரித்து அடுக்கியே அவள் விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. கடைசியில் மனுஷனுக்கு நினைவு வந்துவிட்டது என்று நம்பினாள்.

"ஏனுங்க, காசிக்குப் போலாமுங்க. இல்லீன்னா உங்க தங்கச்சி போன சிங்கப்பூருக்காச்சும் போலாமுங்க."

"சிங்கப்பூருல என்ன இருக்குது? கட்டடம். கட்டடம் நம்மூர்லயே ஏகமா இருக்குது. நாம ஆப்பிரிக்கா போறோம் அம்மிணி. சிங்கம் பாக்கறோம்."

"சிங்கம் வண்டலூர்லயே இருக்குதுங்களே!"

"கூண்டுக்குள்ள இருக்கறது சிங்கமா? அது வாட்ச்மேனு."

அக்ஷரா விடுமுறைக்கு வந்திருந்தபோது கம்ப்யூட்டரில் தேடி எடுத்தாள். கென்யாவுக்குப் போகலாம், நல்ல லாட்ஜில் தங்கிக் காடு பார்க்கலாம், அதைவிடக் குறைந்த செலவில் வேண்டுமென்றால் கேம்பிங் என்று ஒன்று இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள். லாட்ஜே நல்லது என்றும் சொன்னாள்.

"ஏங்கண்ணு, லாட்ஜ்காரனுக்குத் தனியா ஒரு சிங்கம் வெச்சிருக்கானா? ரெண்டு பேருக்கும் ஒரே சிங்கந்தான? அப்பொறம் எதுக்கு லாட்ஜு?" என்று கேட்டு அவர் கேம்பிங்கை முடிவு செய்துவிட்டார்.

கேம்ப் என்றால் குழந்தையம்மாளுக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் பெஞ்சைக் கூட்டிப்போட்டு நடத்தும் இலவசக் கண் சிகிச்சை முகாம். எப்படியும் சுவரும் கூரையும் இருக்கும், டாக்டர் ஒருவரும் பக்கத்தில் இருப்பார் என்று எண்ணிக்கொண்டாள். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு என்று அவளைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போய் அலைக்கழித்தபோதுதான் முதல் சந்தேகம் வந்தது. "போற எடத்துல சீக்கு வருமுங்களா?" என்று கேட்டாள். "வராதுன்னுதான ஊசி போடறாங்க" என்றார். அந்தப் பதிலில் எங்கோ ஓட்டை இருந்தது. கண்டுபிடிப்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது.

பெட்டி கட்டியது அவள்தான். அரிசி, பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, சின்னக் குக்கர். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தான் என்று அவர் அடித்துச் சொன்னதால் கம்பளி எதுவும் வேண்டாம் என்று முடிவானது. அதற்குப் பதில் ஏற்றுமதியில் மீந்துபோன பனியன்களை ஒரு கட்டு எடுத்துத் திணித்தார். எல்லாம் வெளிநாட்டுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கான மஞ்சள், பச்சை நிறங்கள். நெஞ்சில் வாத்துப் படம்.

நைரோபியில் இறங்கியதும் ஒரு வேன் காத்திருந்தது. டிரைவர் பெயர் ஜோசப். நெடுநெடுவென்று உயரம், சிரித்த முகம், நீலக் காலர் பனியன். குழந்தையம்மாள் தடுப்பதற்குள் ஈஸ்வரமூர்த்தி எக்கி அவன் காலரைத் திருப்பிவிட்டார்.

"ரிப்புப் பின்னலப் பாரு, நம்மூர் சரக்கு! திருப்பூர், திருப்பூர்!" என்று ஜோசப்பின் முதுகில் தட்டினார். ஜோசப் எதுவும் புரியாமல் இன்னும் பெரிதாகச் சிரித்தான். பிறகு குழந்தையம்மாள் பக்கம் திரும்பிக் கை நீட்டி, "வெல்கம், மாமா" என்றான்.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஆறவில்லை. "ஏனுங்க, என்னையப் பாத்தா அவனுக்கு மாமனாட்டமா இருக்குது?"

"மாமான்னா இவங்க பாசையில அம்மாவாமா. மரியாதையாத்தான் கூப்புடறான்."

"அம்மான்னே கூப்புடச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. அடுத்த நான்கு நாளும் அவள் மாமாவாகவே இருந்தாள்.

வேனில் இவர்களோடு ஹாலந்து நாட்டிலிருந்து வந்த இரண்டு டச்சு இளம்பெண்கள் இருந்தார்கள். இருவரும் பள்ளிக்கூட டீச்சர்கள். பின்னால் பாத்திரங்களுக்கு நடுவில் சமையல்காரர் ஒட்டியனோ. மாசாய் மாரா காட்டுக்குப் போய்ச் சேரும்வரை ரோடு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. குலுங்கிய குலுக்கலில் அவள் முறுக்கெல்லாம் மாவாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே காய்ந்த புல்லும், குடை விரித்தாற்போல அங்கங்கே வேல மரங்களும். அவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஏனுங்க, இது நம்ம தாராபுரம் ரோட்டுக் கொறங்காடாட்டந்தான் இருக்குது? மாடு மேயற எடத்தப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறி வந்தோம்?"

"பேசாம வா அம்மிணி. உள்ள போனாத்தான் தெரியும்."

உள்ளே போனதும் தெரிந்தது. ஒரு மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, சாக்குப்படுதா கட்டிய குழிக் கக்கூஸ். சுவர் இல்லை, கூரை இல்லை. ஜோசப் வேன் மேலிருந்து பச்சைத் துணி மூட்டைகளை ஆளுக்கு ஒன்றாக இறக்கிப் போட்டான். அதுதான் வீடு. அதையும் அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். காய்கறி நறுக்க ஒட்டியனோவுக்குக் கூடமாட ஓர் ஆள் வேண்டும். குறைந்த செலவு என்றால் அப்படித்தான் என்று டச்சுப் பெண்களில் ஒருத்தி சைகையும் இங்கிலீஷுமாக விளக்கியபோது குழந்தையம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊட்டுலயும் ஏனங் கழுவறேன். இங்கயும் வந்து ஏனங் கழுவோணுமுங்களா?"

ஈஸ்வரமூர்த்தி காதில் வாங்காதவர் மாதிரி கூடாரத்தின் குச்சியைத் தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தார். துணியின் தையலை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "டபுள் ஸ்டிச்சு, பரவால்ல" என்றார். கூடாரம் ஒருபக்கம் எழுந்து மறுபக்கம் விழுந்தது. கடைசியில் அந்தப் பெண்களே வந்து நிறுத்திக் கொடுத்தார்கள்.

பொழுது சாய்ந்ததும் குளிர் வந்தது. ஊட்டிக் குளிர். வெயில் தேசம் என்று சொன்னவர் பல் தந்தியடிக்க நின்றார். குழந்தையம்மாள் மூட்டையைப் பிரித்துச் சேலைக்கு மேல் பனியன்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டாள். நெஞ்சில் வாத்தோடு சாப்பாட்டுக்குப் போய் உட்கார்ந்தால், தட்டில் வெள்ளையாக, உருண்டையாக ஒன்றை வைத்தார் ஒட்டியனோ. பிட்டு வாயில் போட்டாள். களி. சோளமாவுக் களி. அவள் மாமியார் காலத்தோடு ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்த அதே களி.

மறுநாள் காலை வேனின் கூரையைத் தூக்கிவிட்டு, நின்றபடியே காடு பார்க்கப் போனார்கள். வரிக்குதிரைகள் வந்தன. மாட்டுக்கும் குதிரைக்கும் பிறந்த மாதிரி தாடி வைத்த மிருகங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. ஒட்டகச்சிவிங்கி ஒன்று வேனுக்கு மேல் தலையை நீட்டி மென்றுகொண்டே நின்றது. பிறகு யானைக் கூட்டம் ஒன்றைக் காட்டி ஜோசப் வண்டியை நிறுத்தினான். டச்சுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்திக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

குழந்தையம்மாளுக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் பிறந்தது உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையடிவாரத் தோப்பில். யானை இறங்கி வந்தால் தகரத்தைத் தட்டிப் பட்டாசு கொளுத்திப் போடுவார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் காய்ப்பில் இருந்த தென்னைகள் குருத்து பிடுங்கப்பட்டுக் கிடக்கும். அவள் அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பார்.

"எங்கூர்ல இதைத் தொரத்தறதுக்குக் காசு செலவு பண்ணுவோம்" என்றாள். "இங்க பாக்கறதுக்குச் செலவு பண்றோம்."

ஈஸ்வரமூர்த்தி கவனிக்கவில்லை. அவருக்கு வேண்டியது சிங்கம். தனக்குத் தெரிந்த ஃபேக்டரி இங்கிலீஷில் ஜோசப்பை மணிக்கொரு தரம் பிடுங்கினார். "ஜோசப், லயன் டெலிவரி வென்? டுடே கன்ஃபார்மா?"

"மே பி டுமாரோ" என்பான் ஜோசப்.

"ஆல்வேஸ் டுமாரோ. சாயப்பட்டறைக்காரனாட்டம் பேசறான் பாரு" என்று இவளிடம் குறைப்படுவார். அன்றும் சிங்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மற்ற வேன்காரர்கள் பார்த்ததாகச் சொன்ன இடத்துக்கு ஓடிப்போனால் நசுங்கிய புல்தான் கிடந்தது.

அந்த ஏமாற்றத்தில்தானோ என்னவோ, சாயங்காலம் திரும்பும் வழியில் ஊர் முக்கில் ஒருவன் ஆட்டுத் தொடையைக் கரியில் வாட்டி விற்றதைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். வேண்டாம் என்றாள் குழந்தையம்மாள். ஈ மொய்க்கிறது என்றாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளாத ஊரில் கறி ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டாள். "சிங்கமே பச்சையாத் திங்குது" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, விற்றவனுடைய காலரையும் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து ஏறினார்.

விடியும்போது ஈஸ்வரமூர்த்தி கூடாரத்துக்கும் குழிக் கக்கூஸுக்கும் நடுவே நடந்து நடந்து ஓய்ந்துபோய், பாயில் சுருண்டு கிடந்தார். முகம் வெளுத்திருந்தது. குழந்தையம்மாள் குக்கரில் கஞ்சி வைத்து, ஊறுகாயை ஒதுக்கிவிட்டு, உப்புப் போட்டு ஊட்டினாள். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. சீக்காளியிடம் எப்படிச் சொல்வது?

வெளியே வேன் உறுமியது. அன்றுதான் கடைசிச் சுற்று.

"நீ போ அம்மிணி" என்றார் அவர்.

"உங்கள இப்புடி உட்டுப்போட்டு நா எங்கீங்க போறது? எனக்கு என்ன சிங்கம் வேண்டிக் கெடக்குது?"

"ஒட்டியனோ இருக்கறான். நீ போ. ஒருத்தராச்சும் பாத்தாத்தான் வந்ததுக்கு அர்த்தம். சிங்கம் வந்தா நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லோணும். போட்டோ புடி." மைத்துனரிடம் இரவல் வாங்கிவந்த டிஜிட்டல் கேமராவை அவள் கையில் வைத்து அழுத்தினார். கண் குழிந்து கிடந்த அந்த முகத்தைப் பார்த்தால் மறுக்கவும் முடியவில்லை. தனக்கு வேண்டாத ஒன்றை, அவருக்காக, அவர் இல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? அவள் வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

வேன் போய்க்கொண்டே இருந்தது. வெயில் ஏறத் தொடங்கியபோது ஜோசப் சட்டென்று எஞ்சினை நிறுத்தினான். ஒரு முள்மரத்தடியில் காய்ந்த புல்லின் நிறத்திலேயே ஏதோ கிடந்தது. அது தலையைத் தூக்கியது. சிங்கம். பிடரியெல்லாம் சடை விழுந்து, சோம்பலாக இவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அதைத் தாண்டி ஒரு பெண்சிங்கமும் மூன்று குட்டிகளும்.

பெண்சிங்கம் எழுந்தது. நேராக வேனைப் பார்த்து நடந்து வந்தது. குழந்தையம்மாளுக்கு மருதமலை முருகனில் தொடங்கித் தெரிந்த சாமி பெயரெல்லாம் வாயில் வந்தது. அது வந்து, வேனின் நிழலில், அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு நேர் கீழே, தொப்பென்று விழுந்து படுத்துக்கொண்டது.

"நோ டாக்கிங், மாமா" என்று கிசுகிசுத்தான் ஜோசப். அவள் எங்கே பேசப்போகிறாள்?

சிங்கம் நகர்கிறவரை வண்டியை எடுக்க முடியாது. வெயில் ஏற ஏற அது நிழலோடு நிழலாக இன்னும் ஒட்டிக்கொண்டது. முதலில் அவள் கண்ணை இறுக்க மூடியிருந்தாள். பிறகு ஒரு கண். பிறகு இரண்டும். காதில் உண்ணிகள் ஒட்டியிருந்தது தெரிந்தது. தோளில் ஆறாத கீறல் ஒன்று, அதில் ஈ. வயிறு மெல்ல ஏறி இறங்கியது. அதன் வீச்சம்கூட வந்தது, மழையில் நனைந்த நாய்மாதிரி. குட்டிகள் ஓடிவந்து அதன் முதுகில் ஏறின, வாலைக் கடித்தன, மூஞ்சியில் கால் வைத்துத் தாண்டின. அது ஒரு கண்ணைத் திறந்து, முன்னங்காலால் ஒன்றைத் தள்ளிவிட்டு, மூக்கு வழியாக நீளமாகக் காற்றை விட்டது.

குழந்தையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெருமூச்சு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பக்கத்திலிருந்த டச்சுப் பெண், இவள் பயத்தில் அழுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் போனதோ, சிங்கம் எழுந்து உடம்பை முறித்துக்கொண்டு குட்டிகளோடு புல்லுக்குள் போனது. அப்போதுதான் கேமரா ஞாபகம் வந்தது. அவசரமாக அமுக்கினாள். அதில் விழுந்தது கொஞ்சம் புல்லும், அவள் கட்டைவிரலும்.

கூடாரத்துக்குத் திரும்பினால் ஈஸ்வரமூர்த்தி தேறி உட்கார்ந்திருந்தார். வேன் சத்தம் கேட்டதுமே, "வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுங்க."

"கர்ச்சிச்சுதா?"

"இல்லீங்க."

"பாஞ்சுதா? எதையாச்சும் புடிச்சுத் தின்னுச்சா? பல்லு எப்புடி இருந்துச்சு? எம்மாம் நீளம்?"

"படுத்துக் கெடந்துச்சுங்க."

"படுத்துக் கெடந்துச்சா?" அவர் கேமராவை வாங்கிப் பார்த்தார். விரலைப் பார்த்தார். "ஒரு சிங்கத்த நேருல பாத்துட்டு வந்து, படுத்துக் கெடந்துச்சுன்னா சொல்லுவாங்க? உன்னைய அனுப்புனேன் பாரு!"

வேறு எந்த வார்த்தை சொல்லியிருந்தாலும் அவள் விவரமாகச் சொல்லியிருப்பாள். சொல்லத்தான் அவ்வளவு தூரம் ஆசையாக வந்தாள். அந்த ஒரு பேச்சில் வாய் மூடிக்கொண்டது. ஊர் வந்து சேரும்வரை மூடியே இருந்தது.

ஊர் வந்ததும் அவர் வாய் திறந்துகொண்டது. நூல் ஏஜெண்ட் நஞ்சப்பன் வந்தபோது சிங்கம் கூடாரத்துக்கு வெளியே நின்றது. அடுத்து வந்தவரிடம் அது வேனைத் துரத்தியது. ஆயுதபூஜைக்குள் ஜோசப்பின் கையையே கவ்வப் பார்த்தது. காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குழந்தையம்மாள் ஒரு பார்வை பார்ப்பாள். அவர் வேறுபக்கம் திரும்பிக்கொள்வார். எத்தனை காலம் பொறுப்பது என்று சமையலறையில் பாத்திரங்களோடு முறையிடுவாள்.

குண்டடத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில்தான் அது வெடித்தது. பந்தி முடிந்து வெற்றிலை போட உட்கார்ந்த கூட்டத்துக்கு நடுவே ஈஸ்வரமூர்த்தி எழுந்து நின்று, சிங்கம் வேன் கூரைமேல் பாய்ந்ததைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இவ கண்ண மூடிக்கிட்டா. நாந்தான் நேருக்கு நேரா மொறச்சுப் பாத்தேன்."

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த குழந்தையம்மாள் எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க, நீங்க எங்கீங்க பாத்தீங்க? நீங்கதான் அன்னைக்கு வகுத்தால போயி, கூடாரத்துல சுருண்டு கெடந்தீங்களே!"

பந்தலில் சிரிப்பு வெடித்தது. வள்ளியாத்தாள் என்ற வயதான பெரியம்மா மட்டும் சிரிக்காமல், "அப்ப யாரு கண்ணு பாத்தது?" என்று கேட்டாள்.

"நாந்தானுங்க பாத்தேன்."

"அப்ப நீ சொல்லு."

அவள் சொன்னாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் முதலில் தடுமாறினாள். சிங்கம் நிழலுக்கு வந்து படுத்ததைச் சொன்னாள். காதில் இருந்த உண்ணியை, தோள் கீறலை, நனைந்த நாய் வீச்சத்தை, குட்டிகள் மூஞ்சியில் மிதித்து ஏறியதைச் சொன்னாள். அது மூச்சு விட்டதை விட்டுக் காட்டினாள். பாய்ச்சலும் இல்லை, கர்ச்சனையும் இல்லை. ஆனாலும் வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்கள் நகராமல் கேட்டார்கள். மூச்சு விட்ட இடத்தில் பெண்கள் பக்கம் ஒரே கொண்டாட்டம்.

திரும்பி வரும்போது காரில் ஈஸ்வரமூர்த்தி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். குழந்தையம்மாளுக்கும் ஊர் நடுவில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று உறுத்திக்கொண்டுதான் இருந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று அவள் யோசித்த நேரத்தில் அவரே ஆரம்பித்தார்.

"அந்தக் குட்டிக ஏறுனதெல்லாம் எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே?"

"நீங்க எங்கீங்க கேட்டீங்க? பல்லையத்தான கேட்டீங்க."

"எத்தன குட்டி?"

"மூணு."

"மூச்சு எப்புடி உட்டுது? இன்னொருக்கா காட்டு."

அதோடு அவர் பொய் சொல்வது நின்றது. குழந்தையம்மாளின் தொல்லை மட்டும் நிற்கவில்லை, இரண்டு மடங்காகிவிட்டது. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும், பாக்கி கேட்க வந்தவராக இருந்தாலும், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவராக இருந்தாலும், ஈஸ்வரமூர்த்தி அவர்களை உட்காரவைத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். "அம்மிணி, வந்து அந்தச் சிங்கத்தச் சொல்லு!" அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும். முதலிலிருந்து சொல்ல வேண்டும். எதையாவது சுருக்கினால் அவர் விடமாட்டார். "உண்ணிய உட்டுட்ட பாரு", "மொதல்ல வாலக் கடிச்சுது, அப்பொறந்தான மூஞ்சியில ஏறுச்சு?" என்று, ஏதோ ஜன்னலோரம் தானே உட்கார்ந்திருந்த மாதிரி, எடுத்துக் கொடுப்பார்.

"இத்தன தெரியறவங்க நீங்களே சொல்றதுதானுங்க?" என்று ஒருநாள் தோசைக் கரண்டியோடு வந்து நின்று கேட்டாள்.

"அதெப்புடி? பாத்தது நீயில்ல?" என்றார் அவர், வந்தவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டே.